பவுடர் கோட்டிங்குக்குச் ‘சுடுபூச்சு’, கேலிப்பருக்குக் ‘கிடுக்கி’: என் வாக்கும் காரணங்களும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கார் பிரேக் கேலிப்பருக்கு வீட்டிலேயே வண்ணம் அடிப்பது பற்றித் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதுகிறேன், பவுடர் கோட்டிங் (உலோகத்தின் மேல் வண்ணத்தூளை ஒட்ட வைத்து, சூட்டில் உருக்கிப் பூச்சாக்கும் முறை), கேலிப்பர் இரண்டுக்கும் தமிழில் என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தேன். இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘தூள்பூச்சு’ என்று நேராகச் சொல்லிவிடலாமே? ஜெர்மன்காரர்களும் ‘தூள்பூச்சு’ என்ற பொருளில்தானே சொல்கிறார்கள்?

ஐயா, நானும் முதலில் அதைத்தான் எழுதியிருந்தேன். வரைவை என் மைத்துனரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “கை பட்டால் ஒட்டிக்கொள்ளுமா?” சுவரில் அடித்த சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுமே, அந்த மாதிரி நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. தூள் என்ற சொல் நம் காதில் உதிரும் பொருளாகத்தான் விழுகிறது: மரத்தூள், மஞ்சள்தூள், தூள்தூளாகப் போனது. வேலை முடிந்த பிறகு இந்தப் பூச்சில் தூளே கிடையாது. உருகி, ஓடி, ஒன்றோடொன்று பிணைந்து, சுத்தியலால் தட்டினாலும் லேசில் பெயராத தோலாக ஆகிவிடுகிறது. உள்ளே போகும் பொருளின் பெயரை வெளியே வரும் பொருளுக்கு வைத்தால், அதன் முக்கியமான குணத்துக்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடுகிறோம்.

> ‘நிலைமின் பூச்சு’ அறிவியல்படி சரியாக இருக்கும்.

இதை எழுதிய தம்பிக்கு: நீங்கள் சொல்லும் செயல்முறை சரிதான். தூளைப் பீய்ச்சும் துப்பாக்கி அதற்கு மின்னேற்றம் கொடுக்கிறது. பாகம் நிலத்தோடு இணைந்திருக்கிறது. தூள் பாய்ந்து போய் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மின்னேற்றம் தூளை அடுப்பு வரைக்கும் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் விரலால் தொட்டால் தடம் விழும், வாயால் ஊதினாலே உதிரும். இன்னொன்று, இந்தத் தொழில் மின்னேற்றத்தோடு பிறக்கவில்லை. 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் கொண்டுவந்த முறையில், தொட்டியில் காற்றை ஊதித் தூளை மிதக்க வைத்து, சூடேற்றிய உலோகத்தை அதற்குள் முக்கி எடுத்தார்கள். சூட்டில் தூள் உருகி ஒட்டியது. மின்னேற்றும் துப்பாக்கி அதற்குப் பிறகுதான் பரவியது. ஆக, மின்சாரம் இல்லாமலும் இந்தப் பூச்சு உண்டு, சூடு இல்லாமல் கிடையாது.

அதனால்தான் சூட்டைப் பெயரில் வைக்க வேண்டும் என்கிறேன். ‘சுடுபூச்சு’ என்பது என் முன்மொழிவு.

சுடுதல் நமக்குப் புதிய கருத்து இல்லை. பிசைந்த மண் தண்ணீர் பட்டால் கரையும், சூளையில் வைத்துச் சுட்டால் கரையாது. அதே மாற்றம்தான் இங்கேயும். மெக்கானிக் படித்தவரோ படிக்காதவரோ, ‘சுட்ட பூச்சு’ என்றால் இனி அது பழைய நிலைக்குத் திரும்பாது என்பது சொல்லாமலே புரியும். கோயம்புத்தூர்ப் பக்கம் கேட், கிரில் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் போடும் பட்டறைகளில் நான் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்பவர்களே அடுப்பிலிருந்து எடுப்பதை “வெந்துடுச்சா பாரு” என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

சூட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான தூளுக்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், 10 முதல் 20 நிமிடம். அந்த நிமிடங்கள் அடுப்பு சூடானதிலிருந்து எண்ணுவது இல்லை, உலோகமே அந்தச் சூட்டை எட்டிய பிறகு எண்ணுவது. கேலிப்பர் பெரும்பாலும் கனமான வார்ப்பிரும்பு, உள்ளே வரைக்கும் சூடேற நேரம் எடுக்கும். அவசரப்பட்டு எடுத்தால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வேகாமல் இருக்கும். கொஞ்ச நாளில் நகம் பட்டாலே உரியும். பெயரிலேயே ‘சுடு’ இருந்தால் இந்தக் கணக்கை விளக்குவது எனக்குச் சுலபமாகிறது.

> ‘சுடுசோறு’ போல, சூடாகப் பூசுவது என்று பொருள் வராதா?

நல்ல கேள்வி, அக்கா. சுடுநீர், சுடுசோறு இரண்டிலும் சூடு இன்னும் இருக்கிறது, உண்மை. ஆனால் சுடுமண் சிலை தொட்டால் சுடுவதில்லையே. வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்பதால் சுட்ட, சுடுகிற, சுடும் மூன்றுக்கும் இடம் உண்டு. சுடுமண் ஏற்கனவே வழி போட்டு வைத்திருக்கிறது, நாம் அதில் நடக்கலாம். எழுதும்போது ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் வராது. ‘சுடுப்பூச்சு’ என்று எழுதிவிடாதீர்கள்.

கார் கம்பெனியில் பாடிக்கு அடிக்கும் பெயின்ட்டையும் அடுப்பில்தானே வாட்டுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இது உண்மையிலேயே கனமான ஆட்சேபம். ஈரப் பெயின்ட்டைச் சூட்டில் இறுக வைப்பதும் சுடுபூச்சுதான், மறுக்க முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் ‘பொடிச் சுடுபூச்சு’ என்று பிரித்துச் சொல்லலாம். மற்ற இடங்களில் சுடுபூச்சு போதும். எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆனது. அப்புறம் தேங்காயில் எடுத்ததும் கடலையில் எடுத்ததும் எண்ணெய் ஆனபோது, எள்ளில் எடுத்தது நல்லெண்ணெய் என்று அடைமொழி வாங்கிக்கொண்டது. சொல் முதலில் புழங்கட்டும், அடைமொழி தேவைப்படும்போது வந்து சேரும்.

‘முலாம்’ வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். மின்முலாம், நாகமுலாம் இரண்டும் பாடப்புத்தகத்தில் உலோகத்தின் மேல் உலோகம் படிவதற்கு நிலைத்துவிட்டன. நாம் பூசுவது எபாக்ஸி, பாலியெஸ்டர் மாதிரிப் பிசின் வகை. நம் ஊரில் இதற்கு நெருங்கிய தொழில் என்றால் ஈயம் பூசுவதைச் சொல்வேன். சின்ன வயதில் தெருவில் ஈயம் பூசுபவரைப் பார்த்திருக்கிறேன். பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, துருத்தி ஊதி அடுப்பில் காய வைத்து, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்த நொடியில் ஈயத்தைத் தொட்டு வைத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார், உள்பக்கம் முழுக்க வெள்ளியாக மாறிவிடும். சுத்தம் செய், சூடேற்று, உருக வை, பரவ விடு. வரிசை கொஞ்சம் மாறினாலும் இதே நான்கு வேலைதான். அவர் அதைப் ‘பூச்சு’ என்றுதான் சொன்னார்.

சரி, இனிக் கேலிப்பர். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் ஒரு சொல் சரியில்லாமல் நான் கஷ்டப்பட்டது இந்தப் பாகத்தில்தான்.

பிரேக் மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் வட்டை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் பாகம் இது. ஒவ்வொரு மொழியும் இதில் ஒன்றைப் பார்த்திருக்கிறது. ஜெர்மன்காரர் வட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சேணம் என்றார். பிரெஞ்சுக்காரர் வளைந்த வடிவத்தைப் பார்த்துக் குதிரையின் அங்கவடி என்றார். இத்தாலியர் இடுக்கி என்றார். ஆங்கிலமோ அளவெடுக்கும் கருவியின் பெயரை எடுத்து இதற்கு வைத்துவிட்டது. அந்தப் பெயரை அப்படியே பெயர்த்தால் நாம் மாட்டிக்கொள்வோம். பள்ளியில் எல்லோரும் படித்த ‘வெர்னியர் அளவி’ குறுக்கே நிற்கும். பிரேக் எதையும் அளப்பதில்லை.

‘கவ்வி’ என்று நிறையப் பேர் சொன்னீர்கள். கவ்வி ஏற்கனவே கிளாம்புக்குப் போய்விட்டது. பட்டறையில் கேலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, பிஸ்டனை உள்ளே தள்ளக் கிளாம்பு ஒன்றைத்தான் கையில் எடுக்கிறோம். “கவ்வியைக் கவ்வியால் அழுத்தவும்” என்று எழுத முடியாது.

ஆகவே ‘கிடுக்கி’. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் கிடுக்கி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கிடுக்கிப்பிடி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தில் வருவது நகரும் வகை. பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பக்கக் கட்டையை (பிரேக் பேடை) வட்டின் மேல் தள்ளும். அந்த எதிர்விசையில் மொத்த உடலும் ஊசிகளின் மேல் சறுக்கி, வெளிப்பக்கக் கட்டையை இழுத்து வந்து அழுத்தும். ஒரு கையால் இரண்டு பக்கமும் நெருக்கும் இந்தப் பிடிக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நகராமல் இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்திருப்பதை ‘நிலைக்கிடுக்கி’ என்று பிரித்துக்கொள்ளலாம். பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும், யாரும் அதை விடப்போவதில்லை. பேடுக்குச் சைக்கிள் கடைக்காரர் சொல்லும் ‘பிரேக் கட்டை’ போதும்.

வீட்டுப் பொருளிலிருந்து எடுத்த பெயர் நிலைக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் ‘கொண்டை ஊசி வளைவை’ நினைத்துப் பாருங்கள். கொல்லிமலை ஏறும் லாரி டிரைவர் 70 வளைவையும் அந்தப் பெயரில்தான் எண்ணுகிறார். மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

இப்போது அந்தக் கஷ்டத்தைச் சொல்கிறேன். முதல் தடவை இரண்டு கிடுக்கிகளையும் பிரித்து, பிஸ்டன், ரப்பர் சீல், தூசி உறை எல்லாம் கழற்றிவிட்டு (அடுப்புச் சூட்டில் ரப்பர் வீணாகிவிடும்) ஒரு பட்டறையில் கொடுத்தேன். பூசக் கூடாத இடங்களை ஒரு தாளில் எழுதியிருந்தேன். பிஸ்டன் துளை, சீல் பள்ளம், ஊசித் துளைகள், போல்ட் மரைகள் எல்லாம் சரியாக எழுதினேன். கட்டையின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் சறுக்கும் வழித்தடத்துக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்காமல் “கட்டை உட்காரும் இடம்” என்று எழுதினேன். அவர்கள் கட்டையின் முதுகு படும் முகப்பை மறைத்துவிட்டு, சறுக்கும் இடத்தில் தாராளமாகப் பூசிவிட்டார்கள். பூச்சின் கனம் 80 மைக்ரான் இருக்கலாம், தலைமுடி அளவுதான். ஆனால் அந்தக் காதுகளுக்கு விடப்பட்டிருக்கும் இடைவெளி மிகக் குறைவு. கட்டையைத் தட்டித்தான் உள்ளே ஏற்றினேன், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் கட்டை பின்வாங்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் இடது சக்கரத்தில் கருகல் வாடை. இறக்கி, அரத்தால் அந்த இடத்தை மட்டும் வெற்று இரும்பாகத் தேய்த்து எடுக்க ஒரு முழு நாள் போனது.

அந்த இடத்துக்கு நான் முன்வைக்கும் சொல் ‘கட்டைத்தடம்’. தடம் என்றால் ஒன்று போய் வரும் வழி, அங்கே எதையும் பூசி அடைக்கக் கூடாது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘இடம்’ என்று எழுதியதால் வந்த பிசகு ‘தடம்’ என்று எழுதியிருந்தால் வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் அடுப்பு இல்லாதவர்களுக்கு, பிசினும் இறுக்கியும் கலந்து தூரிகையால் அடிக்கும் இரு பாகப் பெயின்ட் போதும் என்று குறிப்பில் எழுதப்போகிறேன். அதைச் சுடுபூச்சு என்று சொல்லக் கூடாது, கலவையாலேயே இறுகுகிறது. சமையலறை ஓ.டி.ஜி.யில் (கேக் சுடும் சிறிய மின் அடுப்பில்) சுட நினைப்பவர்களுக்கு ஒரு வரி தடித்த எழுத்தில் வரும்: ஒரு தடவை இதற்குப் பயன்படுத்திய அடுப்பில் மறுபடி சமைக்க வேண்டாம். பிரேக் ஆயில் சிந்தினால் உடனே கழுவ வேண்டும் என்பதும் வரும். கார்களில் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை ஆயில் இரண்டுமே பெயின்ட்டை அரித்துவிடும்.

இன்னும் ஒன்றுக்கு மட்டும் சொல் வேண்டும். பூசக் கூடாத இடத்தில் சூடு தாங்கும் நாடா ஒட்டி, துளைகளில் சிலிக்கான் அடைப்பான் செருகும் வேலை. ‘மறைத்தல்’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் துளையை அடைப்பதை மறைப்பது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பாத்திக், சாயப் பட்டறை வேலை தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், சாயம் ஏறாமல் மெழுகு வைப்பதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல் இங்கேயும் பொருந்தலாம்.

அன்புடன்.