‘வெர்ட்டிகல் டிரான்ஸ்மிஷன்’: தாய்சேய்த் தொற்று எனலாமா?

வணக்கம் நண்பர்களே.

கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பால் வழியாகவோ தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றுவதை ஆங்கிலத்தில் ‘வெர்ட்டிகல் டிரான்ஸ்மிஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘செங்குத்துப் பரவல்’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன். நோய்ப்பரவல் படித்தவர்களுக்கு அது போதும், கர்ப்பிணி கையில் கொடுக்கும் துண்டறிக்கைக்கு உதவாது. ‘தாய்வழித் தொற்று’ எளிதுதான், ஆனால் பரம்பரை நோய் என்று நினைக்க வைத்துவிடும். ரூபெல்லா என்ற வைரஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாமே பாதிக்கப்படலாம். பிறவிக் கண்புரைக்கும் தாய்க்கு வந்த ரூபெல்லாவுக்கும் உள்ள தொடர்பை 1941இல் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். இதில் பரம்பரைக்கு வேலையே இல்லை.

அதனால் பொதுச்சொல்லாகத் ‘தாய்சேய்த் தொற்று’ என்பதை முன்வைக்கிறேன். ‘தாய்சேய் நலம்’ ஏற்கெனவே மக்கள் வாயில் புழங்குவது. பழி முழுவதையும் தாய்மேல் போடுகிற தொனியும் இதில் குறைவு.

கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி (பிளசென்டா) வழியாகத் தொற்றுவதற்கு முன்மொழியப்பட்ட ‘நஞ்சுக்கொடிக் கசிவு’ என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தமும் கருவின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. தாயின் ரத்தம் படுகிற வெளியடுக்கு, எண்ணற்ற செல்கள் ஒன்றாக இணைந்து பல உட்கருக்களோடு உருவான ஒரே படலம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே நுழைய இடுக்கு கிடையாது. பெரும்பாலான வைரஸ்கள் அங்கேயே தடுக்கப்படுகின்றன. சைட்டோமெகலோ வைரஸ், ஜிகா போன்ற சில, நஞ்சுக்கொடியின் செல்களையே தொற்றி, அங்கே பெருகி, கருவை அடைகின்றன. அதுவும் ஜிகா, கருவின் பக்கம் இருக்கும் ஹாஃப்பௌயர் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களிலேயே பெருகக்கூடியது. கசிவு என்றால் எங்கோ ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். ‘நஞ்சுக்கொடி கடந்த தொற்று’ என்றால் நடப்பதைச் சரியாகச் சொல்கிறது. (இலங்கை நண்பர்கள் நஞ்சுக்கொடியைச் சூல்வித்தகம் என்றே எழுதலாம்.)

அப்புறம், எப்போது தொற்றுகிறது என்பதும் சொல்லில் தெரிய வேண்டும். ஏனென்றால் தடுக்கும் வழி அதைப் பொறுத்தது. ரூபெல்லாவுக்குக் கருத்தரிக்கும் முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் பிரசவத்தின்போது தொற்றுவதால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த வயதில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. கருப்பையிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தொற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு, தாய்க்கும் சேய்க்கும் உரிய மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும்.

எனவே தாய்சேய்த் தொற்றின்கீழ் மூன்று உட்பிரிவுகள்: கருக்காலத் தொற்று, பிரசவத் தொற்று, தாய்ப்பால்வழித் தொற்று. முதல் பிரிவில்தான் ‘நஞ்சுக்கொடி கடந்த’ என்ற அடை வரும். கடைசியில் உள்ளதைப் ‘பால்வழித் தொற்று’ என்று சுருக்க வேண்டாம், பால்வினை நோயோடு குழப்பிக்கொள்வார்கள்.