3.40 லட்சம் செக் ரிட்டர்ன். நடுவுல 1 லட்சம் வந்துடுச்சு. முழுத் தொகைக்கும் 138 (செக் பவுன்ஸ் வழக்கு) போடலாமா?

நூல்வியாபாரி_பள்ளிபாளையம் | 14 டிசம்பர் 2025

வணக்கம்ங்க. பள்ளிபாளையத்துல நூல் வாங்கி விக்கிறேன். செப்டம்பர்ல கரூர் பார்ட்டி ஒருத்தருக்கு 20-ஆம் நம்பர் கோன் நூல் அனுப்பினேன். பில் 3,40,000. முழுத் தொகைக்கும் நவம்பர் 10 தேதி போட்டு ஒரு செக் கொடுத்தாரு. தேதி வந்ததும் போன்: "அண்ணா, கொஞ்சம் பொறுங்க, எக்ஸ்போர்ட் பணம் வரலை." பொறுத்தேன். 21-ம் தேதி ஒரு லட்சம் என் கணக்குக்கு அனுப்பினாரு. அதோட சரி, போனே எடுக்கிறதில்லை.

டிசம்பர் 1 செக்கைப் போட்டுட்டேன். மறுநாள் பேங்க்ல மெமோ கையில கொடுத்தாங்க, கணக்குல பணம் போதலைன்னு.

பக்கத்துக் கடை அண்ணன் சொல்றாரு: "3,40,000-க்கே நோட்டீஸ் விடு. ஒரு லட்சத்தைப் பத்தி மூச்சு விடாதே, அவன் வந்து சொல்லட்டும்." மச்சான் சொல்றான்: "ஸ்டேஷன்ல 420 கம்ப்ளைண்ட் கொடு, ரெண்டே நாள்ல பணம் வரும்." மில்லுக்காரங்க என் கழுத்துல உக்காந்திருக்காங்க. எது சரிங்க?

சேலத்துக்காரன்

முழுசுக்கும் போடுங்க பாஸ். ரெண்டு வருஷம் ஜெயில், செக் தொகையில ரெண்டு மடங்கு அபராதம். நோட்டீஸைப் பார்த்தாலே ஓடி வருவான். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தா, தாமதப் பணம் வசூலிக்கிற சமாதான் போர்ட்டல்லயும் தட்டி விடுங்க.

பழைய_குமாஸ்தா

நான் வக்கீல் இல்லை. ஈரோட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். 138 கட்டுகள் நிறைய தைத்திருக்கிறேன். கடைசியில் உங்க வக்கீல் சொல்வதே முடிவு.

பள்ளிபாளையம் தம்பி, உங்க கேள்வியில் இருக்கிற முக்கியமான விஷயம் ஒரு லட்சம் இல்லை, அது வந்த தேதி. செக்கை பேங்கில் போடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. டிசம்பர் 1 அன்று அவர் உங்களுக்குத் தர வேண்டியது 2,40,000. நீங்க போட்ட செக்கோ 3,40,000. அந்தத் தேதியில் இல்லாத கடனுக்கு செக் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இதே சங்கதி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 2022-ல் தசரத்பாய் படேல் வழக்கு, குஜராத்திலிருந்து. செக் 20 லட்சம். செக் கொடுத்தவர் நடுவில் 4,09,315 கட்டியிருந்தார். முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டார்கள். 138 குற்றம் ஆகாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. பாதிப் பணம் வந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 56-ஆம் பிரிவுப்படி செக்கிலேயே அந்த வரவை எழுதி, பாக்கிக்குத்தான் போட வேண்டும். அப்புறமும் திரும்பினால்தான் 138.

அப்ப நோட்டீஸில் மட்டும் 2,40,000 என்று கேட்டுவிடலாமே என்பீர்கள். அதுவும் ஆகாது. நோட்டீஸில் கேட்கிற தொகையும் செக் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த செப்டம்பரில் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைக் கறாராகச் சொன்னது. ஒரு கோடி செக்குக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று விழுந்திருந்தது. டைப்பிங் தப்பு என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. ஆக இந்த மெமோவை வைத்துக்கொண்டு முழுசுக்குக் கேட்டாலும் போச்சு, பாக்கிக்குக் கேட்டாலும் போச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒரு லட்சத்தை மறைக்கச் சொன்ன கடைக்கார அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: அது பேங்க் மூலமாக வந்த பணம். குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீல் உங்க ஸ்டேட்மென்டைத்தான் முதலில் கேட்பார். பொய் சொன்ன ஆள் என்று ஆகிவிட்டால் மீதி 2,40,000-ஐயும் யார் நம்புவார்கள்?

420 விஷயம். இப்போது அது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 318(4). நூல் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரு லட்சம் கட்டிய ஆளிடம் அதை எப்படிக் காட்டுவீர்கள்? ஸ்டேஷனில் "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் சொல்வார்கள். 138-ஐ போலீஸ் எடுக்கவே முடியாது. நீங்கள்தான் மாஜிஸ்திரேட்டிடம் நேராகப் புகார் கொடுக்க வேண்டும்.

சேலத்துத் தம்பிக்கு: இரண்டு வருஷம் என்பது அதிகபட்சம். எங்க ஆபீஸில் பெரும்பாலான கட்டு பணம் கட்டி ராஜியாகித்தான் முடிந்தது. அதுவும் இரண்டு மடங்கு அபராதம் என்பது ஒன்றுக்கு இரண்டாகப் பணம் வரும் என்று அர்த்தம் இல்லை. சமாதானும் இவருக்கு உதவாது. வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு 2021-லிருந்து பேங்க் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். தாமதப் பணம் வசூலிக்கிற சலுகை கிடையாது.

இனி என்ன செய்யலாம்? செக்குக்கு மூன்று மாதம் ஆயுசு, அதாவது பிப்ரவரி முதல் வாரம் வரை உயிர் இருக்கிறது. ஒரு தரம் திரும்பின செக்கை மறுபடி போடலாம், 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவாக்கிவிட்டது. சட்டப்படி பின்பக்கம் "21.11.2025 ரூ.1,00,000 வரவு" என்று எழுதி 2,40,000-க்குப் போடலாம். ஆனால் இப்போது கிளியரிங்குக்குப் போவது செக்கின் படம்தான். கிறுக்கல் இருந்தாலே கிளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மேனேஜரிடம் முன்கூட்டியே பேசுங்கள். என்னைக் கேட்டால் 2,40,000-க்குப் புதுச் செக் வாங்குவதுதான் சுத்தம்.

அது திரும்பினால், மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். அவர் கைக்குப் போய்ச் சேர்ந்து 15 நாள் அவகாசம். அந்த 15 முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். 15 முடிவதற்கு ஒரு நாள் முன்னால் ஃபைல் பண்ணினாலும் அந்தப் புகார் நிற்காது. பதிவுத் தபால் இந்த வருஷம் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகையோடு அனுப்பச் சொல்லுங்கள்.

கரூருக்கு அலைய வேண்டாம். உங்க கணக்கு இருக்கிற கிளை எந்தக் கோர்ட் எல்லையோ அங்கேதான் வழக்கு. 2014-ல் ஒரு தீர்ப்பு வந்து, செக் கொடுத்தவர் பேங்க் இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டும் என்று கட்டுகட்டாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுவருஷம் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த ஒரு வருஷம் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது.

ஆமாம், செக்கில் கையெழுத்துக்கு மேலே என்ன சீல் இருக்கிறது?

நூல்வியாபாரி_பள்ளிபாளையம்

ரொம்ப நன்றிங்கண்ணா. தலை சுத்துது, ஆனா புரியுது. சீல்ல கம்பெனி பேரு, கீழ "ப்ரொப்ரைட்டர்"னு இருக்குங்க. புதுச் செக் கொடுக்க மாட்டேன்னா?

பழைய_குமாஸ்தா

ப்ரொப்ரைட்டர் என்றால் அவர் ஒருவரைச் சேர்த்தால் போதும். பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் கம்பெனியையும் சேர்த்தே ஆக வேண்டும். டைரக்டரை மட்டும் போட்டு வழக்கு விழுந்த கதைகள் உண்டு.

கொடுக்க மாட்டேன் என்றால் பழைய செக்கில் வரவு எழுதிப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஆகவில்லையா, பில், ஈ-வே பில், லெட்ஜர் இருக்கிறதே, மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்கு போடலாம். மெதுவாக நகரும், ஆனால் கடன் செத்துப் போகாது.

செல்வி_தாராபுரம்

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரர் ஃபைனான்ஸ்ல கடன் வாங்கறப்போ கையெழுத்து மட்டும் போட்டு வெத்துச் செக் கொடுத்தாரு. இப்ப அதுல 5 லட்சம்னு எழுதிப் போட்டிருக்காங்க. வாங்கினது ரெண்டு. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்காம். தபாலை வாங்காம திருப்பி அனுப்பிடலாமாங்க? கணக்கு எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, என்னையும் சேர்ப்பாங்களா?

பழைய_குமாஸ்தா

திருப்பாதீங்கம்மா. சரியான விலாசத்துக்கு வந்த தபாலை வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாங்கி, அந்த 15 நாளுக்குள் வக்கீல் வைத்துப் பதில் கொடுங்கள். வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு, செக் எதற்காகக் கொடுத்தது, எல்லாம் அதில் வரட்டும்.

வெத்துச் செக் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கையெழுத்து அவருடையது என்றால், கடனுக்குத்தான் கொடுத்தார் என்று கோர்ட் அனுமானிக்கும், 139-ஆம் பிரிவு. அதை உடைக்க வேண்டியது உங்க பக்கத்து வேலை. கட்டின ரசீது, பேங்க் என்ட்ரி, ஃபைனான்ஸ் அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

செக்கில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் கணக்கில் பேர் இருப்பதற்காக உங்களைச் சேர்க்க முடியாது. வழக்கு வந்தால் அவர் ஜாமீனில் வந்துவிடலாம், ஆனால் வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும். பணத்தைக் கட்டி முடித்துக்கொள்வதானால் சீக்கிரம். எதிரி தரப்பு, அதாவது உங்க வீட்டுக்காரர் தரப்புச் சாட்சி தொடங்கும் முன்னால் கட்டினால் கூடுதல் தொகை இல்லாமல் ராஜி ஆகலாம். அதற்குப் பிறகு 5 சதவீதம், அப்பீலில் 7.5.

நூல்வியாபாரி_பள்ளிபாளையம் | 27 டிசம்பர் 2025

அண்ணா, நேர்ல கரூர் போனேன். முதல்ல முறைச்சாரு. வழக்குன்னதும் டீ சொன்னாரு. 2,40,000-க்கு ஜனவரி 12 தேதி போட்டு புதுச் செக் கொடுத்திருக்காரு. பழைய செக்கைத் திருப்பிக் கேக்கறாரு. கொடுத்துடலாங்களா?

பழைய_குமாஸ்தா

கொடுக்கலாம், சும்மா கொடுக்காதீர்கள். "பில் 3,40,000-ல் 1,00,000 வரவு, பாக்கி 2,40,000-க்கு இந்த நம்பர் செக்" என்று எழுதி அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பழைய செக், மெமோ இரண்டுக்கும் ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். 12-க்கு முன்னால் ஏதாவது பணம் அனுப்பினார் என்றால் செக்கைப் போடாமல் முதலில் இங்கே வந்து சொல்லுங்கள்.