விட்பி, ராபின் ஹூட்ஸ் பே: முழங்கால் வலி உள்ளவருடன் போக வழி சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரைக்கு அம்மாவுடன் ஒருநாள் பயணம். அவருக்கு முழங்கால் வலி. விட்பி மடாலயத்துக்கு ஏறும் 199 படிகள் ஆகாது. மேலேயே கார் நிறுத்துமிடம் இருப்பதால் அதற்குக் கவலையில்லை.

சந்தேகம் அருகிலுள்ள கடலோர ஊரான ராபின் ஹூட்ஸ் பேயில்தான். காரை ஊருக்கு மேலே விட்டுவிட்டுச் செங்குத்தான தெருவில் கடல்வரை இறங்க வேண்டும். உயர்நீரில் (கடல் மட்டம் ஏறியிருக்கும்போது) அலை படகுச் சரிவுவரை வந்துவிடும். தாழ்நீருக்கு (கடல் மட்டம் மிகவும் இறங்கும் நேரத்துக்கு) இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, பாகிள் ஹோல் என்ற சிறு விரிகுடாவரை கரையோரம் போய், நீர் திரும்புமுன் வந்துவிடலாம் என்று திட்டம். (கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஜிஎம்டியில், அதாவது கிரீன்விச் நேரத்தில், இருந்தால் கோடை நேரத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.) பாறை சரியும் என்பதால் புதைபடிவம் தேட மலையடிக்குப் போகமாட்டோம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அந்தத் தெருவில் கைப்பிடியோ உட்கார இடமோ உண்டா? 1965இல் மூடிய ரயில் பாதையில் அமைந்த சிண்டர் டிராக் என்ற நடை, சைக்கிள் பாதை, மழைக்குப் பின் சேறாகிவிடுமா? அந்தப் பாதையில் ரேவன்ஸ்கார் ஊர்ப் பக்கம் ஏற்றம் எப்படி? திரும்ப எக்ஸ்93 பேருந்தை மாலையில் நம்பலாமா? நேரம் போதாவிட்டால் விட்பி கடைத்தெருவை விடுவேன். தாழ்நீரில் வளைவளைவாகத் தெரியும் பாறைத்தட்டுகளை அம்மா பார்த்தே ஆக வேண்டும்.