சூட்டில் செல்ப் எடுக்காத கார்: 'ஹீட் சோக்' என்பதற்குப் 'பின்சூடு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அகராதிப் பட்டியலில் 'ஹீட் சோக்' (heat soak, எஞ்சினை அணைத்த பிறகு அதன் சூடு பக்கத்துப் பாகங்களில் ஏறுவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: வெப்ப ஊறல், வெப்பத் தேக்கம், உள்வெக்கை. மூன்றிலும் எனக்குக் குறை இருக்கிறது. ஆனால் சொல்லுக்குப் போகும் முன் நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் ஆங்கிலச் சொல்லைத்தான் மொழிபெயர்க்கிறோம், நிகழ்வை அல்ல.

என்னிடம் ஒரு 2001 மாடல் ஆம்னி இருக்கிறது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் வண்டி. போன சித்திரையில் திருச்சியிலிருந்து மதுரை போகும்போது விராலிமலையில் டீ குடிக்க நிறுத்தினேன். பத்து நிமிடம்தான். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) மட்டும் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. (ஒரு கடையில் பேட்டரி போச்சு என்று புது பேட்டரியைத் தலையில் கட்டினார்கள். அடுத்த வாரமே மறுபடி அதே 'டிக்'.)

எஞ்சின் ஓடும்வரை தண்ணீர் சுற்றுகிறது, காற்றும் அடிக்கிறது. அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும், ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) இருக்கிற சூடு எங்கே போகும்? பக்கத்தில் இருப்பதில்தான் ஏறும். ஆகவே எஞ்சின் ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்தி 10, 15 நிமிடம் கழித்துத்தான் செல்ப் மோட்டாரும் அதன் மேலிருக்கும் சோலினாய்டும் (சாவியைத் திருப்பியதும் செல்ப்பை இயக்கிவிடும் மின்காந்தச் சுவிட்ச்) அதிகமாகக் கொதிக்கின்றன. இரண்டுக்குள்ளும் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.39 விழுக்காடு கூடும். 30 டிகிரியில் இருந்த சுருள் 110க்குப் போனால் தடை ஏறக்குறைய 31 விழுக்காடு கூடுகிறது, அதாவது அதே வோல்டேஜில் முன்பு ஓடிய மின்னோட்டத்தில் முக்கால் பங்குதான் ஓடும். புது வண்டி இதைத் தாங்கிவிடும். இருபது வருடம் ஓடிய வண்டியில் சாவி சுவிட்சின் முனைகள் தேய்ந்து, எர்த் இணைப்பு துருப்பிடித்து, செல்ப்பின் அச்சைத் தாங்கும் புஷ்ஷும் ஆடிக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்தால் சோலினாய்டுக்கு ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கத் தெம்பு இருக்காது.

சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சோலினாய்டுக்கு வரும் சின்ன ஒயரில் அளந்தேன். ஆறியிருக்கும்போது 10.9 வோல்ட், கொதிக்கும்போது 8.2. கொதிக்கும்போதும் பேட்டரி முனையில் 12க்கு மேல். வோல்டேஜை வழியில்தான் தின்கிறது என்று தெரிந்துவிட்டது. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து நேராக ஒரு நாலு பின் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டோம், சாவி இப்போது ரிலேயை மட்டும் இயக்குகிறது. அப்புறம் இந்தப் பிரச்சினை வரவில்லை.

இனிச் சொல்.

'ஊறல்' வேண்டாம். 'வெப்ப ஊறல்' என்றதும் எனக்குக் கல்வராயன் மலையில் போலீஸ் சாராய ஊறல் பேரலைக் கவிழ்க்கும் செய்திதான் நினைவுக்கு வருகிறது. 'தேக்கம்' அணைக்கட்டுக்குப் பொருந்தும், இங்கே சூடு தேங்கி நிற்கவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது. 'உள்வெக்கை' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போது இருக்கும் சூட்டையும் அது குறிக்கும். இந்தக் கோளாறின் அடையாளமே அணைத்த *பிறகு* ஏறுவதுதான். மண்சட்டியில் மீன்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் தளதளவென்று கொதிக்குமே, அதுதான்.

ஆகவே என் பரிந்துரை: பின்சூடு. பின்பனி, பின்னிரவு போல. கூட்டுச்சொல்லும் எளிதாக வரும்: பின்சூட்டு முடக்கம், பின்சூட்டுத் தடுப்புத் தகடு.

பின்சூடு என்றால் பின்பக்கச் சூடு என்று படிப்பார்களே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பின்விளைவு என்பதை யாரும் முதுகுப்பக்க விளைவு என்று படிப்பதில்லையே.

எங்கள் மெக்கானிக்கிடம் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "செல்ப்புல அனல் ஏறிடுச்சுன்னு சொல்லுவோம் சார்" என்றார். வினையாக இது நம் எல்லோருடையதையும்விட நல்ல சொல், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லாக 'அனலேற்றம்' என்று ஆக்கினால்தான் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. எனவே செல்ப்பில் அனல் ஏறியது, காரணம் பின்சூடு. இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. செல்ப் சுற்றாமல் போவதும், செல்ப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் போவதும் வேறு வேறு கோளாறு. பின்னதற்குப் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதும் ஒரு காரணம். அகராதிப் பட்டியலில் இரண்டுக்கும் 'தொடங்காமை' என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம், அதைப் பிரிக்க வேண்டும். முதலாவதற்குச் 'சுற்றாமை', இரண்டாவதற்குப் 'பற்றாமை' என்று வைத்தால் என்ன? செல்ப்புக்குத் 'துவக்கி' வேண்டாம் என்று யாழ்ப்பாண நண்பர் சொன்னதை ஏற்கிறேன், அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி.