பழைய எஸ்டீம் பாடிக்கு சீம் வெல்டிங்: எங்கே, எவ்வளவு?

மண்ரோடு: ஆட்டோகிராஸுக்காக (மண் தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் கார் பந்தயம்) ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கி உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். கம்பெனி புள்ளி புள்ளியாக வைத்த ஸ்பாட் வெல்டுகளுக்கு நடுவே தகடு நெகிழ்கிறது போல, ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனை மாட்டும் இடம்) ஓரம் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை) வெடித்திருக்கிறது. சீம், அதாவது தகடுகள் சேரும் இணைப்பு, முழுவதையும் ஒரே கோடாக வெல்டு வைத்துவிடலாமா?

பழைய மிக்: ஒரே கோடாக இழுக்கவே இழுக்காதே தம்பி, தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், சூட்டில் முறுக்கிக்கொண்டால் அப்புறம் கதவு சாத்தாது. 25 மி.மீ. வெல்டு, 40–50 மி.மீ. இடைவெளி. இடது முன்னால் ஒன்று வைத்தால் அடுத்தது வலது பின்னால், ஆறவிட்டு ஆறவிட்டு. மிக் வெல்டருக்கு 0.6 மி.மீ. கம்பி போதும். சீலரைச் சுத்தமாகச் சுரண்டு (ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டேன், வெல்டெல்லாம் சல்லடை). ஸ்ட்ரட் டவர், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், கதவு நிலை, இவற்றிலேயே பெரும்பலன் கிடைத்துவிடும்.

கோவைக்காரன்: ரோட்டிலும் ஓட்டுவீர்களா ப்ரோ? அப்படியென்றால் முன் ரயிலை (எஞ்சினுக்கு இரு பக்கமும் நீளவாக்கில் போகும் பெட்டிச் சட்டம்) தொடாதீர்கள், மோதும்போது அது நொறுங்கினால்தான் உள்ளே இருப்பவர் தப்பிப்பார். காசு குறைவென்றால் முதலில் நல்ல ரோல் கேஜ் (உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு), உறுதி அதில்தான் அதிகம். உங்கள் பிரிவுக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதி என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்.

மண்ரோடு: ரோட்டுக்கு இல்லை, ட்ரெய்லரில்தான் போகும். துருவுக்கு?

பழைய மிக்: ப்ரைமர், புது சீலர், பெட்டிபோல் மூடிய இடங்களுக்குள் கேவிட்டி வாக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு). வெல்டுக்கு முன்னால் பேட்டரி, இசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்), பெட்ரோல் டேங்க் மூன்றையும் இறக்கிவிடு.