குளிரில் பெடல் சும்மா சுற்றுகிறது: எந்த எண்ணெய் விடலாம்?

வணக்கம் நண்பர்களே. வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால் என் சைக்கிளின் பெடல் சும்மா சுற்றுகிறது, பின்சக்கரம் நகர்வதில்லை. வண்டியை அரைமணி நேரம் வீட்டுக்குள் வைத்தால் சரியாகிவிடுகிறது. செயின், பல்சக்கரம் இரண்டும் புதுசு. உருட்டினால் வரும் ‘டிக் டிக்’ சத்தமும் காலையில் இல்லை. ஆகவே பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள், பெடல் மிதிக்கும்போது சக்கரத்தைப் பற்றி இழுப்பதற்காக ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்கும் சின்னக் கொக்கிகள்தான் ஒட்டிக்கொள்கின்றன. கெட்டி கிரீஸ் குளிரில் இறுகியிருக்கும், இல்லையென்றால் உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்திருக்கும்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, பேரிங்குக்கு மட்டும் கிரீஸ், கொக்கிகளுக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு என்று யோசனை. உப்புத் தூவிய ஈரச் சாலையில் அந்த எண்ணெய் எத்தனை வாரம் நிற்கும்? ரப்பர் சீல் மாற்றுவதும் அவசியமா? பனிக்கால விடியலில் ஆளில்லாத சாலையில் ஓட்டும் சுகத்தை விட்டுவிட்டு பஸ் ஏற மனமில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.