ரெண்டர் பாதியில் நிற்கிறதா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

திருப்பூரிலிருந்து, கல்யாண வீடியோ எடிட்டர்

காசைக் கொட்டி வாங்கிய கணினி. கிளிப்புகளை அடுக்கி எடிட் செய்யும் டைம்லைனில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. எக்ஸ்போர்ட், அதாவது முடிந்த வீடியோவை ஃபைலாக எடுக்கும் ரெண்டர் போட்டால் மட்டும் பாதியில் படுத்துவிடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் இந்தப் புலம்பலைக் கேட்காதவர் குறைவு. உடனே சாப்ட்வேரைத் திட்டுகிறோம், அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறோம், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போடுகிறோம். இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் நின்றது, எப்படி நின்றது.

மறுபடி மறுபடி ஓடவிட்டும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு டைம்லைனுக்குள் இருக்கிறது. கிளிப், படம், எஃபெக்ட், டைட்டில் என்று அங்கேயே தேடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் டைம்லைனைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் கரண்ட், சூடு, ராம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

என் கணினியில் நடந்தது இரண்டாவது வகை. 16 கோர் பிராசசர், 24 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ஹைலைட்ஸ் மாதிரிச் சின்ன வேலைகள் முடிந்துவிடும். முகூர்த்தம், ரிசப்ஷன் சேர்த்து மூன்று மணி நேர வீடியோவைப் போட்டால் ஒரு சமயம் 20 சதவீதத்தில், ஒரு சமயம் 70 சதவீதத்தில் கணினியே பொட்டென்று அணைந்துவிடும். நீலத்திரை இல்லை, எரர் மெசேஜ் இல்லை. விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல்-பவர் 41 என்ற ஒரே பதிவு. கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்லாது. ஆனால் வேறு எந்த எரரும் இல்லாமல் அது மட்டும் தனியாக இருந்தால் கரண்ட் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

வெட்டி ஒட்டும்போது கார்டு விட்டு விட்டுத்தான் உழைக்கிறது. ரெண்டரில் பிராசசர், கார்டு, ராம், டிஸ்க் எல்லாம் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் உழைக்கின்றன. 350 வாட் என்று எழுதியிருக்கும் கார்டு சில மில்லி விநாடிகளுக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும். சில கார்டுகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை போகும். கணினிக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். என்னிடம் இருந்தது 750 வாட் எஸ்எம்பிஎஸ். போதாக்குறைக்கு, கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவர் கார்டின் இரண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே ஒயரிலிருந்து பிரித்துச் செருகியிருந்தார். ஒரு 8 பின்னுக்கு உள்ள அளவு 150 வாட். பெரிய கார்டு என்றால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி ஒயர் வர வேண்டும்.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட் என்று ஒரு கோடு இருக்கும். அதை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே வீடியோவை ரெண்டர் போடுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அப்போது முழுசாக முடிந்தால் குற்றவாளி கரண்ட்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒயரைப் பிரித்துச் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸையும் 1000 வாட்டுக்கு மாற்றினேன். புதிதாக வாங்குகிறவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் வந்த அந்த விதிப்படி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடி வரை தாங்க வேண்டும்.

யுபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். கடைகளில் சாதாரணமாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான் தரும். ரெண்டரில் இருக்கும் பெரிய கணினிக்கு அது எந்த மூலைக்கு? லைனில் வோல்டேஜ் லேசாக ஆடி யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிற அந்த நொடியில் ஓவர்லோடு ஆகிக் கணினியும் சேர்ந்து அணையும். பார்க்கிறவர்களுக்குச் சாப்ட்வேர் கிராஷ் ஆனது போலவே தெரியும்.

சென்னையிலிருந்து, கலர் கிரேடிங் செய்பவர்

திருப்பூர் அண்ணா சொன்ன இட விஷயம் முழுக்கச் சரி. எங்கள் ஸ்டூடியோவில் கணினி அணையாது, சாப்ட்வேர் மட்டும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். எப்போதாவது நீலத்திரை வரும், அதிலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு காரணம் எழுதியிருக்கும். காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதே ஒரு துப்பு. சூடு சரியாக இருந்தது, எஸ்எம்பிஎஸ்ஸும் பெரியது.

கடைசியில் ராம். ரைசன் 7000 வரிசைப் பிராசசர், நான்கு 32 ஜிபி டிடிஆர்5 குச்சிகள், எல்லாம் 6000 வேகம் என்று பெட்டியில் போட்டவை. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் எக்ஸ்போ, அதாவது ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் வசதியை ஆன் செய்து கொடுத்திருந்தார்கள். இந்த வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம், இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு 3600 மட்டுமே. பெட்டியில் இருக்கும் 6000 என்பது ஓவர்கிளாக் வேகம், உறுதி தந்த அளவுக்கு மேல் ஓட்டுவது. நான்கையும் அந்த வேகத்தில் ஓட்டினால் பிரவுசர் ஓடும், கேம் ஓடும், டைம்லைனும் ஓடும். 128 ஜிபியையும் தொட்டுக்கொண்டு பல மணி நேரம் ஓடும் ரெண்டரில்தான் எங்கோ ஒரு பிட் தவறும்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் திரையில் சிவப்பு வரிசைகள். எக்ஸ்போவை ஆஃப் செய்த பிறகு ஒரு எரர் இல்லை. வேகம் குறைந்ததால் ரெண்டர் நேரம் ஏறும் என்று பயந்தோம், கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை. ராம் அதிகம் வேண்டும் என்றால் நான்கு குச்சிக்குப் பதில் இரண்டு 48 ஜிபி குச்சிகள் வாங்குங்கள்.

மதுரையிலிருந்து

எனக்கு ஒரே இடத்தில் நின்ற கதை. பிரீமியர் எடிட்டிங் சாப்ட்வேரில் எக்ஸ்போர்ட் தோற்றால் வரும் பெட்டியில் டைம்கோடு, அதாவது வீடியோவின் எந்த நேரத்தில் நின்றது என்று எழுதியிருக்கும். பலர் எரர் நம்பரை மட்டும் கூகுளில் தேடுகிறார்கள். அந்த டைம்கோடுதான் முக்கியம், நேரே அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

நான் போய்ப் பார்த்த இடத்தில் இருந்தது கல்யாணப் பத்திரிகை. அச்சகத்திலிருந்து வாங்கிய படம், 12,000 பிக்சல் அகலம், 8,000 உயரம். அதை மெதுவாக ஜூம் செய்து, பின்னால் அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலடித்து வைத்திருந்தது. கணக்குப் போட்டால் அது 9 கோடியே 60 லட்சம் பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு என்ற நான்குக்கும் தலா 32 பிட் என்றால் ஒரு பிக்சலுக்கு 16 பைட். ஆக அந்த ஒரு படம் மட்டும் கார்டின் நினைவகத்தில் 1.5 ஜிபி. மங்கல், ஜூம், நிழல் என்று ஒவ்வொரு எஃபெக்டும் தனக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டால் 8 ஜிபி கார்டு என்ன செய்யும்? ஃபோட்டோஷாப்பில் 5,000 பிக்சலுக்குக் குறைத்துப் போட்டதும் சிக்கல் தீர்ந்தது. பெரிய ஆல்பம் படங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

சேலத்திலிருந்து

பென்டிரைவுக்கு நேராக எக்ஸ்போர்ட் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஃபைல் சரியாக 4 ஜிபி ஆனதும் நின்றுபோகிறதா? டிரைவ் ஃபேட்32-இல் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனாலும் ரெண்டரைக் கணினியின் எஸ்எஸ்டியிலேயே எடுத்துவிட்டு அப்புறம் காப்பி செய்வதுதான் நல்லது.

கோவையிலிருந்து, குறும்பட எடிட்டர்

இரவுக் காட்சிகளில் தெரியும் புள்ளிகளைக் கழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட இடங்களில் எனக்கு விழும். ஒரு விநாடி திரை கறுத்து மீண்டும் வரும், சாப்ட்வேர் போயிருக்கும். ஈவென்ட் வியூவரில் டிஸ்பிளே 4101, டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்கப்பட்டது என்று இருக்கும்.

விண்டோஸில் டிடிஆர் (TDR, ராம் பெயரில் வரும் டிடிஆர் வேறு) என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கொடுத்த வேலைக்குக் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், அது மாட்டிக்கொண்டது என்று நினைத்து விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கும். 4கே ஃபிரேம் ஐந்தை ஒன்றாக வைத்து நாய்ஸ் கழிக்கும் வேலை சில சமயம் அந்த 2 விநாடியைத் தாண்டிவிடும். கார்டு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே விண்டோஸ் அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர்டிலே (TdrDelay) மதிப்பைக் கூட்டி இதைத் தள்ளிப்போடலாம், பல இடங்களில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் அந்தச் சாவிகள் டிரைவர் எழுதுபவர்களின் சோதனைக்கென்று மைக்ரோசாஃப்ட் வைத்தவை. நான் செய்வது வேறு. நாய்ஸ் போட்ட கிளிப்புகளை மட்டும் முதலில் தனியாக ரெண்டர் செய்து, வந்த ஃபைலை டைம்லைனில் மாற்றி வைத்துவிடுகிறேன். டாவின்சி ரிசால்வ் சாப்ட்வேரில் ரெண்டர் இன் பிளேஸ் இதற்கென்றே இருக்கிறது. கடைசி எக்ஸ்போர்ட் லேசாகிவிடும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் கேம் ரெடி டிரைவரை விட்டு ஸ்டூடியோ டிரைவருக்கு மாறுவதும் நல்லது.

பெங்களூரிலிருந்து, கணினி அசெம்பிள் செய்பவன்

எல்லாரும் சொன்னதைப் பார்த்துவிட்டும் தீரவில்லை என்றால் பிராசசர் எது என்று பாருங்கள். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், நாளாக நாளாக நிலைகுலையும் பிரச்சினை இருப்பதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தம் விட்டார்கள், வாரண்டியையும் இரண்டு ஆண்டு கூட்டினார்கள். அந்த வரிசை வைத்திருந்தால் பயாஸ் அப்டேட் உடனே செய்யுங்கள். ஏற்கனவே கெட்டுப்போன பிராசசரை அப்டேட் சரிசெய்யாது. அதற்கு வாரண்டிதான் வழி.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டு ஏசியை அணைத்துக் கதவைச் சாத்திப் போகிறவர்கள் அதிகம். பகலில் 24 டிகிரி அறையில் சோதித்தபோது தெரியாத கோளாறு, 36 டிகிரி அறையில் விடியற்காலை மூன்று மணிக்கு வரும். கணினியின் சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோவை லாக் எழுதும்படி வைத்துவிட்டுப் போங்கள். காலையில் கடைசி வரியைப் பார்த்தால் கார்டின் மெமரி எத்தனை டிகிரியில் இருந்தது என்று தெரிந்துவிடும். கார்டின் சிப் 75-இல் இருக்கும், அதன் மெமரி 100-ஐத் தாண்டியிருக்கும். சிப் சூட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

திருப்பூரிலிருந்து, மறுபடி

கோளாறைத் தேட நேரமில்லை, நாளைக் காலை டெலிவரி என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். டெலிவரிக்குக் கொடுக்கும் சின்ன ஃபைல் வடிவமான எச்.264-க்கு நேராகப் போகாதீர்கள் தம்பி. டைம்லைனைச் சடங்கு வாரியாக அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எடிட்டிங்குக்கென்றே உள்ள பெரிய ஃபைல் வடிவங்களான டிஎன்எக்ஸ்எச்ஆர் அல்லது புரோரெஸ்ஸில் எடுங்கள். ஒரு துண்டு விழுந்தால் அதை மட்டும் மறுபடி போட்டால் போதும், தாலி கட்டும் பகுதி முடிந்தது முடிந்ததுதான். எல்லாம் வந்த பிறகு அந்தத் துண்டுகளைப் புது டைம்லைனில் வரிசையாக வைத்து, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் எச்.264 ஆக்குங்கள். ஒன்று மட்டும், டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 4கே, விநாடிக்கு 25 ஃபிரேம், டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ என்றால் ஒரு மணி நேரத்துக்கே 300 ஜிபிக்கு மேல் போகும். உங்கள் வேலை எச்டி என்றால் அதில் கால்வாசிதான். பவர் லிமிட்டையும் இன்று ராத்திரிக்கு 70-இலேயே வைத்துவிடுங்கள்.